கிருகப்பிரவேசத்துக்குப் பிறகு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில், தமிழர்களின் மளிகைக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த வட்டாரத்துக்குச் சற்றே வடக்கே, 1971-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. தரைத்தளத்தில் ஒரு பாங்கு, அதன் மேல் ஒரு கேளிக்கை விடுதி, அதற்கும் மேலே ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ என்ற பெயரில் தங்கும் விடுதி என்று ஜன நடமாட்டத்துக்குக் குறைவில்லாதிருந்த அந்தக் கட்டடம், 1986 மார்ச் 15-ஆம் தேதி முற்பகலில், ஒரு நிமிஷ நேரத்துக்குள் தரைமட்டமாயிற்று. அன்று பூகம்பம் ஏதும் நிகழவில்லை, புயலும் அடிக்கவில்லை. 33 பேர் மாண்டார்கள். உயிரோடு மீட்கப்பட்ட 17 பேரில் சிலரை, அப்போது அந்நகரில் பாதாள ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள், இடிபாடுகளுக்கடியில் எலிவளை போல் வழி குடைந்து சென்று வெளியே கொண்டுவந்தார்கள்.

விசாரணைக் குழு, வெடிவிபத்தோ சுரங்கப் பணியோ காரணமாயிருக்குமோ என்ற சந்தேகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு, கேட்டவர்கள் திகைக்கும்படியான ஓர் உண்மையை வெளியிட்டது: கட்டடத்தை வடிவமைத்தவர், அதில் வந்து புழங்கப்போகும் மனிதர்களும் மேசை நாற்காலிகளும் பிற சாமான்களும் ஏற்றும் பாரத்தைக் கணக்கிட்டாரே ஒழிய, கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தூண்கள் தாங்கவேண்டிய சுமையில் பெரும்பங்கு எதுவோ அதுவே ஏட்டில் விடுபட்டிருந்தது. பிறக்கும்போதே குறைப் பிறவியாகப் பிறந்த அந்தக் கட்டடத்தின்மீது, பிற்பாடு பாங்கின் பெட்டக அறையும், மொட்டைமாடியில் குளிர்சாதன இயந்திரங்களும், புறச்சுவர் முழுதும் பதித்த ஓடுகளும் வேறு ஏறின.

ஆயினும் இந்த விபத்தில் என் சிந்தனையை நிறுத்தும் அம்சம் கணக்குப் பிழையன்று. அத்தகைய பிழையைத் தாங்கிக்கொண்டு அக்கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றதே, அதுதான். பதினைந்து தீபாவளிகளின் ஜனக்கூட்டம் சிராங்கூன் சாலையில் அதன் நிழலைக் கடந்து போயிருக்கிறது. அந்தக் காலம் முழுதும் தூண்கள் தம் சக்திக்கு மீறிய சுமையின் கீழ் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டிருந்தன. நம்மூரில் பழுதுபட்ட வீட்டைப் பற்றி எச்சரித்தால், ‘இத்தனை வருஷம் நின்றது, இனிமேலா விழப்போகிறது?’ என்ற பதில் தயாராக இருக்கிறது. ஒரு கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது என்பது, நேற்றுவரை அது விழவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சியம். நாளைக்கு அது ஜாமீன் ஆகாது.

சிங்கப்பூர் சர்க்கார் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. 1989-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், கடை, அலுவலகம் முதலான மற்றக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும். தவணை வந்ததும் உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்துவிடும். முதலில் கண்ணால் பார்க்கிற பரிசோதனை. அதில் சந்தேகம் தோன்றினால் மட்டும் கருவிகளைக் கொண்டு முழுச் சோதனை. கட்டட வடிவமைப்பும், கட்டுகிற போதே மற்றொரு நிபுணரால் சரிபார்க்கப்படவேண்டும் என்று ஆயிற்று. இவற்றில் எதுவும் பிரமாதமான விஞ்ஞானமன்று. தவணை தவறாமல் ஒருவர் வந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதிக் கையொப்பமிடுவதும், எழுதியதற்கு அவர் பொறுப்பேற்பதுமே அதன் சாரம்.

நம் மாநிலத்துக்கு இந்தச் சிந்தனை புதிதென்று யாரும் எண்ணவேண்டாம். சிங்கப்பூருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நாம் இதைத் தொட்டிருக்கிறோம். 1964 ஏப்ரலில் மதுரையில் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று இடிந்து 36 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்கு மறு ஆண்டு, பள்ளிக்கூடம், விடுதி, கலியாண மண்டபம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று விதிக்கும் 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் பிறந்தது. பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று பெற்று, தாசில்தார் அலுவலகத்தில் உரிமம் வாங்கி, காலம் முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். பள்ளி நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த விஷயம். துக்கத்தில் பிறந்த சட்டமாயினும் அதன் நோக்கம் மிக நேர்த்தியானது. காலப்போக்கில் அது அடைந்த கதிதான் வருந்தத்தக்கது. ‘சான்றிதழ் வாங்குவது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கட்டடத்தைச் சோதிப்பது போய்ச் சான்றிதழை வாங்குவது மிஞ்சிவிட்டால், மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்காமலே, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகத்தை அண்ணாந்து நோக்காமலே, ஒரு கையெழுத்தும் ஒரு ரப்பர் முத்திரையும் ஆண்டுக்கணக்கில் கட்டடத்தைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை வளரும். பார்க்காமல் கொடுத்த சான்று, சான்றே இல்லாமலிருப்பதை விடக் கொடியது என்பது என் அபிப்பிராயம்; சான்று இல்லாத இடத்தில் அச்சமாவது மிஞ்சியிருக்கும்.

பொதுக் கட்டடங்களின் நிலை இதுவென்றால், ஜனங்கள் ஆயுள் முழுதும் குடியிருக்கிற வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அந்தக் காகிதப் பாதுகாப்புங்கூட இல்லை. நம்முடைய விதிகள் யாவும் கட்டடத்தின் ஜனன காலத்தையே சுற்றி நிற்கின்றன. 2014 ஜூன் 28-இல் சென்னைக்கருகே மவுலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படாத பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது, அந்த ஜனன காலத்தில்கூட நம் மேற்பார்வை எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது வெளியாயிற்று. நீதிபதி ரகுபதி கமிஷன் விசாரித்தது. பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2019-இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்தன. வரைபட அனுமதி, மண் பரிசோதனை, நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றில் முன்னைவிடக் கண்டிப்பு கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016-இன் மத்திய ரியல் எஸ்டேட் சட்டமும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தென்பட்டால் கட்டியவரே தம் செலவில் சரிசெய்து கொடுக்கவேண்டும் என்கிறது. ஆறாவது ஆண்டில்? அறுபதாவது ஆண்டில்? லாரிக்கு எஃப்.சி. உண்டு, அது கிடைக்காவிட்டால் சாலையில் ஓட முடியாது. அடுக்குமாடியின் லிஃப்டுக்குத் தனிச் சட்டமும் உரிமமும் இன்ஸ்பெக்டரும் உண்டு. அந்த லிஃப்டையும் அதில் ஏறுகிறவர்களையும் அவர்களுடைய சகல உடைமைகளையும் தாங்கி நிற்கிற தூணுக்கு மட்டும் யாதொரு தவணையும் இல்லை.

கான்கிரீட் நிரந்தரமான வஸ்து என்ற எண்ணமே இந்த அலட்சியத்துக்கு வேர். முன்னாள்களில் சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கு உத்தரமுமாக மெட்ராஸ் டெரஸ் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த மயக்கம் கிடையாது. கறையான் உத்தரத்தைத் தின்னும், ஓதம் சுவரில் ஏறும், தட்டோடு பெயரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோடை தோறும் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்வார்கள். கான்கிரீட்டோ கல்லைப் போலத் தோற்றமளிப்பதால், உள்ளே இருப்பது இரும்பு என்பதையும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். சிமெண்டின் காரத்தன்மைதான் அந்தக் கம்பிக்குக் காப்பு. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உட்புகுந்து அந்தக் காரத்தை முறிக்கிறது. கடலோர ஊர்களிலோ உப்பு அதனினும் வேகமாக அந்த வேலையைச் செய்கிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் கொள்வதாகையால், உள்ளேயிருந்து விம்மி, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பிளந்த வழியே மழைநீர் இன்னும் தாராளமாகப் புகும். துரு இன்னும் பெருகும்.

இதைத் தடுப்பதற்கான சாஸ்திரம் இல்லாமலில்லை. கடற்காற்று நேரே படும் கட்டடங்களில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்றும், கம்பிக் கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும், குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும் என்றும் ஐ.எஸ். 456 என்ற நம் தேசிய விதிநூல் தெளிவாகச் சொல்கிறது. வேலை நடக்கிற இடத்திலே போய் நின்று பாருங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் இடையே வைக்கவேண்டிய கவர் பிளாக் தீர்ந்துபோயிருக்கும். ஆளுக்கு அகப்பட்ட ஜல்லித் துண்டைச் செருகியிருப்பார்கள். கான்கிரீட் கொட்டும்போது அது நழுவ, கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்க மனமில்லாமல் உவர்ப்பான போர்த் தண்ணீரிலேயே கலவையைக் கலந்துவிடுவதும் உண்டு. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறவர்கள், தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைப்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இத்தனையும் பூச்சு வேலை முடிந்து வர்ணம் அடித்ததும் கண்ணுக்கு மறைந்துபோகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, கம்பியின் போக்கிலேயே ஒரு மெல்லிய விரிசலாகவும், பழுப்புக் கறையாகவும், தட்டினால் பொள்ளென்று கேட்கும் ஓசையாகவும், ஒருநாள் சமையலறையில் பெயர்ந்து விழும் காரைக்கட்டியாகவும் அது மறுபடி வெளியே வரும். அந்த நேரத்தில் நாம் கூப்பிடுவது பொறியாளரையா? கொத்தனாரை அழைத்துச் சிமெண்டைக் குழைத்துப் பூசச் சொல்கிறோம். வசதியுள்ளவர்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டு அலங்காரமாக மறைத்துவிடுகிறார்கள். மேல்வீட்டுக் குளியலறையின் சங்கன் தளத்திலிருந்து கசிகிற நீரைப் பற்றிய தகராறு அசோசியேஷன் கூட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்த நீர் எந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

காலம் செய்வது ஒருபுறமிருக்க, குடியிருப்பவர் செய்வதும் உண்டு. ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுப்பது, பால்கனியை அறையாக்குவது, வீட்டைத் துணிக்கடைக்குக் கிட்டங்கியாக வாடகைக்கு விடுவது எல்லாம் சர்வ சாதாரணம். சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்தை எண்ணி அமைத்த அறையில், துணி மூட்டைகளையோ காகிதக் கட்டுகளையோ கூரை வரைக்கும் அடுக்கினால் தளம் என்ன செய்யும்? மொட்டைமாடியில் புதிதாக வைக்கும் ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் அதில் நீர் மட்டும் ஐந்து டன்.

இன்னுமொரு விஷயம், கட்டடம் மாறாமலிருந்தாலும் அதைப் பற்றிய அறிவு மாறுகிறது. 2001-இல் குஜராத்தின் பூஜ் நகரை மையமாகக் கொண்டு நிகழ்ந்த பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாதில், கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்களின்மேல் நின்ற அடுக்குமாடிகள் பல மடிந்து விழுந்தன. மறு ஆண்டு வெளிவந்த பூகம்ப விதிநூலின் திருத்தத்தில் சென்னை நகரம் இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு, அதே முறையில் கீழே காரும் மேலே குடும்பங்களுமாகச் சென்னையில் எழும்பிய அடுக்குமாடிகளை யாரேனும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையையல்லவா எல்லாரும் பார்ப்பார்கள்; கழிப்பறைச் சுவரையும் மதிற்சுவரையும் யார் பார்க்கிறார்கள்? அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் அடைமழையில் பதினேழு பேரைக் கொன்றதும் ஒரு மதிற்சுவரே. திருநெல்வேலிச் சம்பவம் நிகழ்ந்து பத்தே நாளில், டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகூட நிறையாத அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அங்கே ஒருவரும் சாகவில்லை. விரிசலைக் கண்டு சந்தேகித்த குடியிருப்பாளர்கள் ஒருவரையொருவர் எச்சரித்து, வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். எந்தக் கருவியும் இல்லாத எளிய ஜனங்களின் கண்ணும் காதும் அங்கே ஒரு பரிசோதனை இலாகாவின் வேலையைச் செய்திருக்கின்றன. கட்டடங்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி விழுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லும்போது, இதே தமிழ்நாட்டில் பழுதுபார்ப்பையே ஒரு விழாவாக ஆக்கிவைத்தவர்கள் இருந்தார்கள் என்பது நினைவுக்கு வராமற் போகாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று ஆகமத்தின் பேரால் ஏற்படுத்தியவர்களின் யுக்தியை நான் வியக்கிறேன். மூர்த்தியைப் பாலாலயத்துக்கு மாற்றி, சாரம் கட்டி விமானத்தின்மேல் ஏறி, இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்து, பெயர்ந்த சுதையைத் திருத்தி, பீடத்தின் அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பித்து, அதன் பிறகே குடமுழுக்கு. பக்தியின் மேல் ஏற்றிவைத்ததனால் செலவுக்கு உபயதாரர்கள் முன்வந்தார்கள். தவணையும் ஊருக்கு மறக்கவில்லை. அந்தத் தவணையும் இப்போது தவறுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1997-க்குப் பிறகு 2020-இல்தான் குடமுழுக்கு நடந்தது. பல ஊர்களில் திருப்பணி என்பது வர்ணம் அடிப்பதாகச் சுருங்கியும் விட்டது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், விரிசல்கள் வெளியே தெரிந்துகொண்டிருந்தும், 2010 மே 26-இல் சரிந்து விழுந்தது.

‘பரிசோதனைக்கும் பழுதுக்கும் பணம் எங்கே?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மயாமிக்கருகே சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில் 2021 ஜூன் 24 பின்னிரவில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் மாண்ட சம்பவத்தில், பணமே கதையின் நடுவில் இருக்கிறது. நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர் கசிந்து கான்கிரீட் கெட்டிருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். செலவு ஒன்றரைக் கோடி டாலர் வரை ஏறியது. யார் எவ்வளவு கொடுப்பது என்று உரிமையாளர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் முடிந்து வேலை தொடங்குவதற்குள் கட்டடம் விழுந்துவிட்டது. நாற்பதாவது ஆண்டில் மறுசான்று என்ற விதி அங்கே இருந்தும் பயனில்லை. மறு ஆண்டே ஃபுளோரிடா மாநிலம் அந்தக் கெடுவை முப்பது ஆண்டுகளாகக் குறைத்தது. நம் அடுக்குமாடிகளில் மாதச் சந்தா காவலாளிக்கும் மின்கட்டணத்துக்கும் போதாமல் இழுபறியாயிருக்க, கார்ப்பஸ் ஃபண்டு என்று வைத்ததும் வெளிச்சுவர் வர்ணத்துக்குக் கரைந்துபோகிறது. வர்ணத்துக்குக் கிடைக்கிற பணம் தூணுக்குக் கிடைக்காமலிருக்க நியாயமில்லை. ஆரம்பத்திலேயே விரிசலைத் திறந்து துருவைச் சுரண்டிச் சீர்செய்வதற்காகும் செலவு, கம்பி பாதி கரைந்த பிறகு தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் கட்டுவதற்காகும் செலவில் சிறு பங்குதான்.

பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளரின் சம்மதம் போதும் என்று 2022-இன் அடுக்குமாடி உடைமைச் சட்டம் வழிசெய்திருக்கிறது. முடிவுக்கு வழி சொன்ன சட்டம் நடுவயதுக்கு வழி சொல்லவில்லை. மும்பை மாநகராட்சிச் சட்டம் முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு உறுதிச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சென்னையைவிட மும்பையின் கடற்காற்றில் உப்பு அதிகமென்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1965-இன் சட்டத்தைக் கையிலெடுத்து, மூன்று மாடிக்கு மேற்பட்ட எல்லாக் குடியிருப்புகளையும் அதன் வரம்பிற்குள் கொண்டுவந்து, கடலோரத்தில் ஐந்து ஆண்டுக்கும் உள்நாட்டில் பத்து ஆண்டுக்கும் ஒருமுறை பரிசோதனை என்று விதிப்பதில் தாமதத்துக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. பரிசோதிப்பவர் அந்தக் கட்டடத்தைக் கட்டியவரோடு சம்பந்தமில்லாதவராயிருக்கவேண்டும்; அவருடைய அறிக்கை, வில்லங்கச் சான்று போல, வீடு வாங்க வருகிற எவரும் விண்ணப்பித்துப் பெறக்கூடியதாயிருக்கவேண்டும்; பொய் அறிக்கைக்கு அவர் உரிமம் போகவேண்டும். ஏழைகள் குடியிருக்கும் வாரிய வீடுகளுக்கு இந்தச் செலவை அரசாங்கமே ஏற்பதுதான் முறை.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், உங்கள் கட்டடத்தின் கம்பி வரைபடம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டியவரிடமோ, அனுமதி கொடுத்த அலுவலகத்திலோ எழுதிக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள்; பிறகு வர்ணம் அடிக்கிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.